தந்தி தாவும் கணம்: ஜெர்மனியில் லீட் கிட்டார் பழகுவோருக்கு

ஹாம்பர்க்கிலோ எஸ்ஸனிலோ ஒரு மெட்டல் குழு லீட் கிட்டார் வாசிக்க ஆள் தேடுகிறது என்று வையுங்கள். ஒத்திகை அறையில் உங்கள் உச்ச வேகத்தை யாரும் அளந்து பார்க்க மாட்டார்கள். தங்கள் பாட்டின் சோலோவைக் கிளிக்கோடு மூன்று தடவை வாசிக்கச் சொல்வார்கள். மூன்றும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று கவனிப்பார்கள். ஹாம்பர்க்கின் ஹலோவீன் குழு 1987-இலும் 1988-இலும் இரண்டு பாகங்களாக வெளியிட்ட 'கீப்பர் ஆஃப் தி செவன் கீஸ்' ஆல்பங்களைக் கேட்டால் காரணம் புரியும். இரண்டு கிட்டார்கள் ஜோடியாக ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு பறக்கின்றன. ஒருவர் கை துளி பிசகினாலும் இரண்டும் கலைந்துவிடும்.

மூன்றாம் தடவையில் கை குழறுகிற இடம் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான். பிக் ஒரு தந்தியை விட்டு அடுத்த தந்திக்குத் தாவுகிற இடம் அது. இடது கை விரல்களைக் குறை சொல்லி வருடக்கணக்கில் விரல் பயிற்சி செய்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டப்படும். கோளாறு வலது கையில் இருக்கிறது. அதைச் சரிசெய்ய ஆண்டுகள் தேவையில்லை, முதலில் கண்டுபிடித்தால் போதும். படிப்புக்கோ வேலைக்கோ ஜெர்மனி வந்து, கூடவே கிட்டாரையும் சுமந்துவந்த தமிழ்ப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சோதனை. இடது கையை விட்டுவிடுங்கள். ஒரே தந்தியில், மெட்ரோனோம் 150-இல், ஒரு தட்டுக்கு நான்கு அடி. அதாவது வினாடிக்குப் பத்து. ஓரிரு ஆண்டு வாசித்தவர்களில் பலருக்கு இது நான்கைந்து வினாடியாவது வரும். வந்துவிட்டதென்றால் 'என் கையில் வேகம் இல்லை' என்ற பேச்சை நிறுத்திவிடலாம். பெரும்பாலான ராக், மெட்டல் சோலோக்களுக்கு வேண்டிய வேகம் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. ஒரு தந்தியிலிருந்து வெளியே வர வழி தெரியாமல் அது உள்ளேயே நிற்கிறது.

அந்த வழி எது என்று பார்ப்போம். கிட்டாரின் உடலுக்குச் சரியாக இணையாகப் பிக் ஆடினால், டவுன் அடித்த பிறகும் அப் அடித்த பிறகும் அது இரண்டு தந்திகளுக்கு நடுவில் சிக்கிக்கொண்டே இருக்கும். அடுத்த தந்திக்குப் போக மணிக்கட்டைத் தூக்கித் தாண்ட வேண்டும். மெதுவாக வாசிக்கையில் இந்தத் தாண்டல் தெரியாது. வேகம் கூடினால் கை ஒவ்வொரு அடிக்கும் குதிக்கத் தொடங்கும், முன்கை இறுகும், பத்தாவது நிமிடத்தில் வலி எடுக்கும். பலர் இதை உடல் பலக் குறைவு என்று நினைத்து இன்னும் அழுத்தி வாசிக்கிறார்கள். பாதையே தப்பு என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

ஆட்டத்தைச் சற்றே சாய்த்துப் பாருங்கள். அப் அடி தந்தியைத் தொட்டுவிட்டுக் காற்றில் வெளியேறும்படி கை சாய்ந்திருந்தால், அப் அடித்த பிறகு எந்தத் தந்திக்கும் தடையின்றிப் போகலாம். டவுன் அடித்த பிறகு போக முடியாது. பிக் உள்ளே புதைந்திருக்கும். எதிர்ப்பக்கம் சாய்த்தால் டவுன் வெளியேறும், அப் புதையும். அமெரிக்கரான டிராய் கிரேடி, கிட்டாரில் பொருத்திய கேமராவால் பெரிய வாசிப்பாளர்களின் வலது கையை மெதுவோட்டத்தில் படம் பிடித்து இந்த விஷயத்தைத் தெளிவாக விளக்கியவர். அதற்கு முன்பு வாசித்தவர்கள் பலரும் இதைத் தெரியாமலே கையால் கண்டுபிடித்தவர்கள்.

இது தெரிந்த பிறகு ஒரு வேகமான வரியைப் பார்க்கும் பார்வை மாறுகிறது. தாளில் எழுதி, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மேல் டவுனா அப்பா என்று பென்சிலால் குறியுங்கள். ஒரு தந்திக்கு இரண்டு அல்லது நான்கு ஸ்வரம் என்றால், டவுனில் தொடங்கினால் எப்போதும் அப்பில் முடியும். அப் வெளியேறுகிற சாய்வு மட்டும் இருந்தால் போதும், வரி முழுக்க வழுக்கிக்கொண்டு போகும். ஒரு தந்திக்கு மூன்று ஸ்வரம் என்றால் சிக்கல். முதல் தந்தி டவுனில் முடிகிறது, அடுத்தது அப்பில், அதற்கடுத்தது மறுபடியும் டவுனில். இரண்டு பக்க வெளியேற்றமும் தேவைப்படுகிறது. பெரும்பாலான புத்தகங்கள் தொடக்கநிலை மாணவருக்கு முதலில் கொடுப்பது இந்த மூன்று ஸ்வர ஸ்கேல்களைத்தான். என் அபிப்பிராயம் நேர் எதிர். முதல் ஆறு மாதம் இரட்டைப்படையில் வரிகளை அமைத்துக்கொள்ளுங்கள். கை ஒரு வெளியேற்றத்தைச் சந்தேகமின்றிக் கற்றுக்கொள்ளட்டும். மற்றது பிறகு வரும்.

மூன்று ஸ்வரத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. டவுன், அப், டவுன் என்று முடித்து, அந்தக் கடைசி டவுனைத் தூக்காமல் அப்படியே அடுத்த தந்திக்குள் தள்ளுவது. ஒரே தள்ளலில் இரண்டு தந்தி. எகானமி பிக்கிங் என்பார்கள். ஒவ்வொரு தந்திக்கும் ஒரே ஸ்வரம் என்று இதை நீட்டினால் ஸ்வீப். ஜெர்மனியில் இதை ராக் கிட்டாரிடம் கற்பதைவிட, ரோமானி இனத்தின் ஒரு பிரிவான சின்ட்டி மக்களின் கிட்டாரிடம் கற்பது நல்லது என்பேன். ஜாங்கோ ரைன்ஹார்ட் வழிவந்த அந்த இசையை இங்கே வயலின் கலைஞர் ஷ்னுக்கெனாக் ரைன்ஹார்ட், கிட்டார் கலைஞர் ஹென்ஷே வைஸ் போன்றவர்கள் மேடையேற்றினார்கள். இன்று மென்ஷன்கிளாட்பாக்கைச் சேர்ந்த யோஷோ ஸ்டெஃபன் அதே நடையில் உலகம் சுற்றுகிறார். அவர்கள் கையைக் கவனியுங்கள். மணிக்கட்டு வளைந்து, உள்ளங்கை கிட்டாரைத் தொடாமல் மிதக்கும். தந்தி மாறும்போதெல்லாம் டவுன்தான். டவுன் அடித்த பிக் காற்றில் நிற்காது, அடுத்த தந்தியின் மேல் சாய்ந்து ஓய்வெடுக்கும். மெல்லிய தந்தியை நோக்கி ஏறும்போது பிக் ஏற்கெனவே போக வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஒலிபெருக்கி இல்லாமல் கூட்டத்துக்கு நடுவே கேட்கும்படி வாசிக்க வேண்டியிருந்ததால் பிறந்த முறை இது. சத்தத்துக்காக வந்தது வேகத்துக்கும் வழி திறந்துவிட்டது.

மெட்டலை நோக்கிப் போகிறவர்களும் இந்தக் கையை ஒரு மாதம் பழகிப் பாருங்கள். சாதாரண அக்கூஸ்டிக் கிட்டார் போதும்.

ஜெர்மன் ராக்கின் லீட் மரபைக் கேட்கத் தொடங்குவதற்கு ஹனோவர் நல்ல இடம். 1965-இல் அங்கே தொடங்கிய ஸ்கார்ப்பியன்ஸ் குழுவில் இருந்த மிக்கேல் ஷெங்கர், 1973-இல் பதினெட்டு வயதில் இங்கிலாந்தின் யூஎஃப்ஓ குழுவுக்குப் போனார். அவர் இடத்துக்கு வந்த ஊலி யோன் ரோத் 1978 வரை இருந்தார். 1977-இல் வந்த 'டேக்கன் பை ஃபோர்ஸ்' ஆல்பத்தில் உள்ள 'தி செயில்ஸ் ஆஃப் கேரன்' பாட்டைக் கேளுங்கள். பின்னாளில் வேகத்துக்குப் பேர்போன ஸ்வீடன்காரர் இங்வே மால்ம்ஸ்டீன் அதை மறுபடி பதிவு செய்யும் அளவுக்கு அந்தப் பாட்டின் தாக்கம் இருந்தது. இந்த வகை சோலோக்களில் அடிக்கடி வரும் ஃப்ரிஜியன் டாமினன்ட் ஸ்கேல் நமக்குப் புதிதல்ல. பதினான்காவது மேளமான வகுளாபரணத்தின் ஸ்வரங்கள்தான் அவை. கர்நாடக இசை சிறிதாவது கற்றவர் என்றால், கிட்டாரை எடுப்பதற்கு முன் அதை வாயால் பாடிப் பாருங்கள்.

பாடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் 1983-இல், பதின்ம வயதுப் பையனாக, மேற்கு பெர்லின் ஜாஸ் விழாவில் வாசித்தார். கையில் ஐந்து தந்தி எலெக்ட்ரிக் மாண்டலின், ஒரு பிக். பிக்கால் அத்தனை விரைவாகவும் கமகம் கெடாமலும் வாசிக்கலாம் என்பதை ஜாஸ் ரசிகர்கள் நேரில் கேட்டார்கள். அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் கேட்டு அதை வாத்தியத்தில் வாசிப்பான். டேப் எண்களைப் பார்த்து விரலை வைத்து வளர்ந்தவர்களுக்கும் காதால் வளர்ந்தவருக்கும் உள்ள வித்தியாசம் இது. வரி முழுவதும் மனசுக்குள் ஓடினால்தான் கை அடுத்த தந்தியை நோக்கி முன்கூட்டியே நகரும்.

நம்மிடம் இன்னொரு சொத்தும் இருக்கிறது: கொன்னக்கோல். மூன்று ஸ்வர ஸ்கேலில் ஆறு தந்திகளிலும் ஏறும்போது மெட்ரோனோமின் தட்டுக்கு நான்காக எண்ணுங்கள்: தகதிமி தகதிமி. இப்போது தந்தி எங்கே மாறுகிறது என்று பாருங்கள். முதலில் 'மி'யில், பிறகு 'தி'யில், பிறகு 'க'வில், அப்புறம்தான் தட்டோடு சேர்ந்து 'த'வில். தட்டு ஒரு பக்கமும் தந்தி மாற்றம் ஒரு பக்கமும் இழுப்பதால்தான் அந்த ஸ்கேல் வேகத்தில் நொண்டுகிறது. பலர் தங்களை அறியாமல் தந்தி மாறும் இடத்தில் அழுத்தம் கொடுத்து மூன்று மூன்றாக வாசித்துவிடுவார்கள். சொற்கட்டை உரக்கச் சொல்லி, ஒவ்வொரு 'த'வுக்கும் மட்டும் சற்று அழுத்தி வாசியுங்கள். பிறகு அதே வரியைத் தகிட தகிட என்று மாற்றுங்கள். ஐந்து ஸ்வரக் கோவைக்குத் தகதகிட. இதை ஒரு வாரம் செய்தால் ஒரு மாதம் ஸ்கேல் ஓட்டியதைவிடக் கை சீராகும் என்று துணிந்து சொல்வேன்.

'மெதுவாக வாசி, இரண்டு இரண்டு பிபிஎம்மாக ஏற்று' என்ற அறிவுரையை எல்லா ஆசிரியர்களும் சொல்வார்கள். மெட்ரோனோமுக்கு 1815-இல் காப்புரிமை பெற்ற யோஹான் மெல்ட்சல் ரேகன்ஸ்பர்க்கில் பிறந்தவர். இந்த மண்ணில் அந்தக் கருவிக்கு மரியாதை அதிகம். ஆனால் அறிவுரை பாதிதான் சரி. மெதுவான வேகத்தில் குதித்துத் தாண்டும் கை, எத்தனை மாதம் ஏற்றினாலும் குதித்துக்கொண்டேதான் ஏறும். ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அதனால் முதலில் வேகமான அசைவைக் கண்டுபிடியுங்கள். ஆறு ஸ்வரக் கோவை ஒன்று, முழு வேகத்தில், இரண்டு வினாடி மட்டும், சுத்தமில்லாவிட்டாலும் பரவாயில்லை, கை தளர்வாக இருக்க வேண்டும். அந்த அசைவைக் கைபேசியில் மெதுவோட்டத்தில் படம் பிடியுங்கள். பிறகு அதே அசைவை, அதே சாய்வோடு, மெதுவாக்குங்கள். சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடியவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். மெட்ரோனோமை 75-இல் வைத்து, தட்டுக்கு ஒன்று, இரண்டு, நான்கு என்று தாவுங்கள். முதல் காலத்தில் இருந்த கை மூன்றாம் காலத்திலும் அதே கைதானா? இல்லையென்றால் திருத்த வேண்டியது முதல் காலத்தை.

பிக் விஷயத்தில் அதிகம் குழம்ப வேண்டாம். ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன், கூர்மையான முனை, விரலுக்கு வெளியே சில மில்லிமீட்டர் மட்டும் நீட்டல். பவேரியாவின் டிரெப்பன்டோர்ஃப் கிராமத்தில் 1954-இல் தொடங்கிய தோமான் கடையிலிருந்து ஐந்தாறு வகைகளை வரவழைத்து ஒரு மாதம் மாற்றி மாற்றிப் பாருங்கள். ஆம்ப்ளிஃபயரில் கெயினோடுதான் பழகுங்கள். தொடாத தந்திகளின் இரைச்சலை உள்ளங்கையாலும் இடது விரல்களாலும் அடக்குவது வேகத்தில் பாதி வேலை, கெயின் இல்லாமல் அந்தக் குறை காதில் விழாது.

வகுப்புக்குப் போகும்போது மொழி ஒரு பொறி. ஆல்டர்னேட் பிக்கிங்கை ஜெர்மன் ஆசிரியர் 'வெக்சல்ஷ்லாக்' என்பார். டவுன் அடிக்கு 'அப்ஷ்லாக்', அப் அடிக்கு 'அவுஃப்ஷ்லாக்'. 'அப்' என்று காதில் விழுந்ததும் பிக்கை மேலே இழுத்தால் எல்லாம் தலைகீழாகும். அதைவிட முக்கியம் ஸ்வரப் பெயர். ஆங்கில முறையில் 'பி' என்பது இங்கே 'ஹா'. ஜெர்மன்காரர் 'பே' என்று சொன்னால் அது பி ஃப்ளாட். புதுக் குழுவில் முதல் நாள் ஒரு அரைஸ்வரம் தள்ளி வாசிக்காமலிருக்க இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

வாடகை வீட்டில் எவ்வளவு நேரம் வாசிக்கலாம் என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. கார்ல்ஸ்ரூஹேயில் உள்ள கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் ஒரு டிரம்பெட் கலைஞர் வழக்கில், வீட்டில் வாத்தியம் வாசிப்பதை முழுக்கத் தடுக்க முடியாது என்று கூறியது. வேலை நாட்களில் இரண்டு மூன்று மணி நேரம், ஞாயிறு, விடுமுறை நாட்களில் ஒன்றிரண்டு மணி நேரம் என்று தோராயமான அளவும் சொன்னது. மதிய ஓய்வும் இரவு ஓய்வும் தனி. இரவு பெரும்பாலும் பத்து மணி முதல் காலை ஆறு வரை. உங்கள் வாடகை ஒப்பந்தத்தோடு வந்த வீட்டு விதிகளைப் படித்துவிடுங்கள். ஹெட்ஃபோன் இருந்தால் இந்தக் கவலை குறையும். வாரம் ஒரு முறையாவது ஒத்திகை அறையில் நிஜச் சத்தத்தில் வாசியுங்கள், ஏனென்றால் டிரம்ஸ் சத்தத்தில் கை தானாகவே இறுகும்.

கை இறுகுவதை அலட்சியம் செய்யாதீர்கள். ஹனோவர் இசைப் பல்கலைக்கழகத்தில் இசைக்கலைஞர்களுக்கென்றே ஒரு மருத்துவ நிறுவனம் இருக்கிறது. நரம்பியல் மருத்துவரும் புல்லாங்குழல் கலைஞருமான எக்கார்ட் ஆல்ட்டன்முல்லர் 1994 முதல் பல ஆண்டுகள் அதை நடத்தினார். விரல் தன்னிச்சையாக மடங்கிக்கொள்ளும் டிஸ்டோனியா என்ற கோளாறு தொழில்முறைக் கலைஞர்களில் நூற்றில் ஒருவருக்கு வருவதாகக் கணக்கு. வலியோடு வாசிப்பது வீரம் அல்ல. வலித்தால் அன்றைக்கு நிறுத்துங்கள், இரண்டு வாரமாகியும் போகாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

எவ்வளவு நேரம் பழகுவது? இதற்கும் இந்த நாட்டிலேயே ஒரு பதில் உண்டு. ஆண்டர்ஸ் எரிக்ஸனும் சக ஆய்வாளர்களும் மேற்கு பெர்லின் இசைக் கல்லூரி வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993-இல் வெளியிட்ட கட்டுரை புகழ்பெற்றது. அதில் மேல்நிலையில் இருந்தவர்கள் வாரம் சுமார் 24 மணி நேரம் தனியாகப் பழகினார்கள். பள்ளி ஆசிரியர் பயிற்சிக்குப் போகும் மாணவர்கள் சுமார் 9 மணி நேரம். அதிகம் பேசப்படாத பகுதி இது: முன்னவர்கள் ஒரே மூச்சில் பழகவில்லை. இடைவெளி விட்டார்கள், பகலில் குட்டித் தூக்கமும் போட்டார்கள். முழுநேர வேலை பார்க்கிறவருக்கு 24 மணி நேரம் கிடைக்காது. காலை இருபது நிமிடம், மாலை இரண்டு இருபது நிமிடம், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு தந்தி மாற்றப் பிரச்சினை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பிழைப்பு. லீட் சோலோ மட்டும் வாசித்து இங்கே வாடகை கட்டுகிறவர்கள் மிகச் சிலர். திருமண, நகரவிழாக் குழுக்கள், மியூசிக்கல் நாடகங்கள், ஸ்டூடியோ, கற்பித்தல் என்று நான்கைந்து வாய்க்கால்கள் சேர்ந்தால்தான் வருமானம். இவற்றில் நிலையானது கற்பித்தல். நாட்டில் 900-க்கும் மேற்பட்ட பொது இசைப் பள்ளிகள் இருக்கின்றன. 2022 ஜூன் 28 அன்று காஸலில் உள்ள சமூகக் காப்பீட்டு உச்ச நீதிமன்றம், ஹெரன்பர்க் நகர இசைப் பள்ளியில் கற்பித்த ஆசிரியை சுயதொழில் செய்பவர் அல்லர், ஊழியரே என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு பள்ளிகள் மணிக்கூலி ஒப்பந்தங்களை மறுபரிசீலனை செய்கின்றன. வேலை கேட்டுப் போகும்போது, நிரந்தர ஊழியர் ஒப்பந்தமா, மணிக்கூலியா, விடுமுறை ஊதியம் உண்டா என்று தயங்காமல் கேளுங்கள்.

சுயதொழிலாகச் செய்தால் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் உள்ள கலைஞர் சமூகக் காப்பீட்டு நிதியத்தில் சேர விண்ணப்பியுங்கள். 1983 முதல் நடைமுறையில் இருக்கும் இந்த ஏற்பாட்டில் ஓய்வூதிய, மருத்துவக் காப்பீட்டுச் சந்தாவில் பாதியை மட்டும் நீங்கள் கட்டினால் போதும். ஆண்டு வருமானம் 3,900 யூரோவைத் தாண்ட வேண்டும். தொழில் தொடங்கிய முதல் மூன்று ஆண்டுக்கு இந்த வரம்பு இல்லை. இசை கற்பிப்பதும் இதில் கலைத்தொழிலாகவே கணக்கு. வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ இருப்பவர்கள் முதல் ரசீது எழுதுவதற்கு முன்பே வெளிநாட்டவர் அலுவலகத்தில் சுயதொழில் அனுமதியைக் கேட்டுப் பெற்றுவிடுங்கள். ஐம்பது யூரோ நிகழ்ச்சிக்காகத் தங்கும் உரிமையைப் பணயம் வைக்கக் கூடாது.

முறையாகப் படிக்க விரும்பினால் மான்ஹைமின் பாப் அகாடமி 2003 முதல் இயங்குகிறது. அங்கே உலக இசைக்கும் தனிப் பட்டப்படிப்பு உண்டு. கர்நாடகப் பின்னணி உள்ளவர்கள் அதைக் கவனிக்க வேண்டும். ஹாம்பர்க் இசைக் கல்லூரியின் பாப் குறும்படிப்பு 1982 முதல் நடக்கிறது. வகுப்பைவிட அங்கே கிடைக்கும் சகவாசம் பெரிது, குழுக்கள் அங்கேதான் பிறக்கின்றன.

குழுக்களுக்கு அனுப்பும் காணொளியில் ஒரே டேக், வெட்டு இல்லாமல், கிளிக் சத்தம் கேட்கும்படி பதிவு செய்யுங்கள். கேமரா வலது கையைக் காட்டட்டும். பத்து நிமிட சாகசம் வேண்டாம். ஒன்றரை நிமிடம், அதில் நாற்பது வினாடி ரிதம். லீட் ஆளைத் தேடுகிறவர்களும் மாலை முழுக்கக் கேட்கப்போவது உங்கள் ரிதத்தைத்தான். ஒத்திகைக்குக் கூப்பிட்டால் சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்னதாகப் போய், தந்தி கூட்டி, பாட்டின் பிபிஎம் எவ்வளவு என்று கேட்டு, வரிசையில் கடைசியாக வாசிக்கிறேன் என்று சொல்லாமல் முதலில் வாசியுங்கள். கை அப்போதுதான் சூடாக இருக்கும்.